பத்து நிமிட சென்டர்

அவரை முதன்முதலில் பார்த்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மெஜஸ்டிக்கில் ரயில் மாறி வைட்ஃபீல்ட் போகும் காலைக் கூட்டத்தில் நின்றபடியே தூங்குவது எனக்கு ஆறே மாதத்தில் பழகிவிட்டிருந்தது. அன்று பாதித் தூக்கத்தில் ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது. என்னவென்று யோசித்தேன். யாரும் என்மேல் சாயவில்லை. யாருடைய லேப்டாப் பையும் என் விலாவில் இடிக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். எதிரே ஒரு முதுகு. சுவர் என்று சொல்லலாம், ஆனால் சுவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளாது.

அந்த முதுகு யாரையும் தள்ளவில்லை. கால்களைக் கொஞ்சம் அகட்டி, இடுப்பைக் கொஞ்சம் இறக்கி, முழங்கைகளை லேசாக விரித்து நின்றது, அவ்வளவுதான். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. பாய்ந்து, அந்த முதுகைத் தொட்டதும் தயங்கி, சுற்றிக்கொண்டு போனது. மேல் கம்பியை அவர் பிடித்திருந்த விதம், கொடியில் போட்ட துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. ஆறடி ஆறு அங்குலம் என்று என் மனம் தானாகவே குறித்துக்கொண்டது.

பாஸ்கெட்பாலில் இதற்கென்று ஒரு வேலை உண்டு. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும் ஒரு நொடியில், எதிராளியை முதுகுக்குப் பின்னால் அடைத்து வைத்துக்கொண்டு இடத்தைப் பிடிப்பது. உயரமாகக் குதிப்பவனுக்குத்தான் பந்து கிடைக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இல்லை, இடம் பிடித்தவனுக்குத்தான். வேலூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்ததில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே விஷயம் இதுதான்.

"சார், நீங்க பாஸ்கெட்பால் ஆடுவீங்களா?" என்றேன்.

உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் சாய்த்துக் கீழே பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது.

"ஆடினேன்மா. இப்ப மெட்ரோ ஆடறேன்."

எம்.ஜி. ரோட்டில் இறங்கிப் போனார். அதற்குள் அவர் ஒரு வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர், பிறந்து வளர்ந்தது ஸ்ரீராம்புரம் என்பது வரை கேட்டு வாங்கிவிட்டேன். மிச்சத் தூரம் முழுக்க நான் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு கனவு கண்டேன்.

நான் குடியிருந்ததும் ஸ்ரீராம்புரத்தில்தான். அலுவலகத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்காமல் ஊரின் இந்த முனையில் ஏன் கிடக்கிறாய் என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்பார்கள். காரணம், சந்துகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிமெண்ட் மைதானம். அதிகாலை ஐந்தரைக்கு அங்கே போனால் எதிர் வளையம் தெரியாது, அவ்வளவு பனி. பந்து தரையில் மோதும் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவான். பக்கத்துப் புத்த விகாரில் காலை வந்தனை ஓதுவது கேட்கும். அந்த ஓசையும் பந்தின் ஓசையும் சில நாட்கள் ஒரே தாளத்தில் போய், பிறகு விலகிக்கொள்ளும்.

அங்கே ஆடும் கிளப்பில் பெண்கள் அணி கிடையாது. பயிற்சியில் ஆள் குறைந்தால் என்னையும் இறக்குவார்கள். மேட்ச் என்றால் நான் பெஞ்சில், நோட்டும் பேனாவுமாக. ஸ்கோர், ஃபவுல், யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், எல்லாம் என் கையெழுத்து. அந்த வருடம் லீக்கின் இரண்டாம் டிவிஷனில் எங்கள் கிளப் மேலே இருந்தது. ஃபைனல் ஜெயிப்பவர்கள் மட்டும் முதல் டிவிஷனுக்குப் போவார்கள். எங்கள் ஏரியா கிளப் முதல் டிவிஷனைப் பார்த்ததே இல்லை.

குறை ஒன்றே ஒன்று. வளையத்துக்குக் கீழே நிற்க, சென்டர் என்பார்களே, அதற்கு ஒரே ஆள்தான் இருந்தான். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்ததால் அவனைப் பீன்யா என்றே கூப்பிட்டோம். அமைதியானவன், நீளக் கைகள், உடம்பெல்லாம் கூலண்ட் எண்ணெய் வாசம். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை காண்ட்ராக்டை முடித்து, ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்து, மறுபடி புது ஆளாக எடுப்பார்கள். இப்படி நான்கு முறை அவன் புது ஆளாகியிருந்தான். ஓர் அரசுத் துறை அணியின் கோச் ஃபைனலைப் பார்க்க வருவதாகப் பேச்சு இருந்தது. அவர் கண்ணில் பட்டால் ட்ரையலுக்குக் கூப்பிடுவார். ட்ரையலில் தேறினால் நிரந்தர வேலை. அந்தத் துறையில் இருபத்தைந்து வயது வரைதான் எடுப்பார்கள். பீன்யாவுக்கு அடுத்த பிறந்தநாள் இருபத்தாறாவது.

மெட்ரோ முதுகைப் பற்றி நான் சொன்னதும் கேப்டன் பந்தைக் கீழே போட்டுவிட்டான். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாது. பேச்சில் கன்னடம் கலந்திருக்கும், யாரிடம் பேசினாலும் நடுவே ஒரு 'குரு' வரும்.

"ஹவுதா? அந்த அண்ணனா? ஸ்டேட்டுக்கு ஆடுன சென்டர், மேடம்! அவர் ஆடறப்ப நாங்கல்லாம் காம்பவுண்டு மேல உக்காந்து பாப்போம். ஆனா குரு, இப்ப நாப்பத்தி நாலு வயசு இருக்கும். பந்தைக் குடுத்தா பிபி மாத்திரைன்னு நெனச்சு முழுங்கிடப் போறாரு."

"குதிக்க வேணாம் கேப்டன். நின்னா போதும்."

"நிக்கறதுக்கு ஆட்டோ ஸ்டாண்டுல நிறைய பேர் இருக்காங்க."

எங்கள் கோச் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் பி.டி. மாஸ்டர். அதிகம் பேசமாட்டார். "கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

ஒரு வாரம் மெட்ரோவில் அவர் பின்னாலேயே நின்றேன். வங்கியில் அவருடைய கவுன்ட்டர் வரைக்கும் ஒரு நாள் போய்விட்டேன். கடைசியில், "முட்டி பத்து நிமிஷம் தாங்கும்மா. பதினொண்ணாவது நிமிஷம் நான் சொல்றத அது கேக்காது" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வந்த முதல் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பனிக்குள்ளிருந்து முதலில் இரண்டு முட்டிக்கவசங்கள் வந்தன, பிறகு ஷார்ட்ஸ், கடைசியாகத்தான் முகம். வளையத்துக்கு இடதுபக்கம் போய் நின்று, ஒரு பந்தைக் கேட்டு வாங்கி, தரையைவிட்டுக் கால் எழாமலே கையை மட்டும் தலைக்குமேல் வளைத்துப் போட்டார். பந்து வலையைத் தொட்ட சத்தம்கூட வரவில்லை. அந்தப் பக்கம் வலையே கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு அவர் பெரிய சென்டர். கற்றுக்கொடுப்பதெல்லாம் அவருக்கு வராது. பீன்யா எப்படி நிற்க வேண்டும் என்று கேட்டபோது, "நிக்கறதுதான்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஆனால் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஆடும்போது எங்கள் எல்லாரையும் கவிழ்க்கப்போகும் சிக்கல் ஒன்று முளைத்தது.

வளையத்துக்குக் கீழே இரண்டு பெரிய ஆட்கள் இருந்தால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருக்க முடியாது. பீன்யா அவர் காலை மிதித்தான். மிதித்ததும் சட்டென்று குனிந்து, அவர் ஷூவைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். பஸ்ஸில் தெரியாதவர் மேல் கால் பட்டால்கூடக் கை தானாகப் போகும். ஆனால் பந்து அதற்காகக் காத்திருப்பதில்லை. அவன் நிமிரும்போது பந்து வேறு யார் கையிலோ இருந்தது. மறுபடி மிதித்தான், மறுபடி குனிந்தான். ஒரு காலைப் பயிற்சியில் பதினோரு முறை. நான் எண்ணினேன்.

"டேய், ஆடறியா, கோயிலுக்கு வந்தியா?" என்று கேப்டன் கத்தினான்.

"கை தன்னால போவுதுண்ணா" என்றான் பீன்யா. முகம் சுருங்கிவிட்டது.

பயிற்சியில் சிரித்தோம். லீக்கில் அவர் இறங்கிய முதல் மேட்சில் சிரிப்பு வரவில்லை. எதிரணி குறி தவறிப் போட்ட பந்து எங்கள் வளையத்தில் பட்டு மேலே எழும்பியது. பீன்யாவின் கைக்கு வரவேண்டிய பந்து. அவனோ ஷூவைத் தொட்டுக்கொண்டிருந்தான். எதிராளி அவன் முதுகுக்கு மேலாகவே எடுத்துப் போட்டுவிட்டான். ரெஃப்ரியே சிரித்துவிட்டார். அந்த மேட்சில் தோற்றோம்.

அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அந்த மேட்சில் பெரிய சென்டர் ஆடிய பத்து நிமிடமும் பீன்யா ஆட்டம் மறந்தவன் போல் இருந்தான். ஃபைனலில் இப்படிக் குனிந்துகொண்டிருந்தால் அந்தத் துறை கோச் என்ன பார்ப்பார்? அவனுடைய ஒரே வாய்ப்பை என் ஆர்வக்கோளாறு விழுங்கப்போகிறது. அலுவலகத்தில் சாஃப்ட்வேர் தவறு கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நானே கொண்டுவந்து சேர்த்த தவறு இது.

தீர்வைச் சொன்னது பெரிய சென்டர்தான். மறுநாள் காலை முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பீன்யாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, எப்படியும் மிதிக்கப் போற. தொட்டுக் கும்புடறத இப்பவே அட்வான்ஸா முடிச்சுக்கோ."

பீன்யா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "எத்தனை தடவைக்குண்ணா?"

"முப்பதுக்கு வச்சுக்கோ."

"முப்பத்தொண்ணாவது மிதிச்சா?" என்றான் கேப்டன்.

"அது ஃபவுல்."

பீன்யா குனிந்து, இரண்டு ஷூவையும் தொட்டு, கண்ணை மூடி நின்றான். முப்பதையும் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தீர்க்கிறான் என்று தெரிந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. விகாரில் ஓதுவது முடிந்திருந்தது. பனி மெல்ல விலக, எதிர் வளையம் அப்போதுதான் உலகத்துக்குள் வந்தது. அன்றைக்கு அவன் எட்டு முறை மிதித்தான். கை இரண்டு முறை பாதிவழி போய்த் திரும்பியது. அடுத்த வாரம் அதுவும் நின்றது.

பிறகுதான் அவர் அணிக்கு உண்மையில் என்ன செய்கிறார் என்று தெரிந்தது. என் கணிப்புகள் எல்லாம் தவறு. அவர் நிறையப் புள்ளி எடுப்பார், எதிராளியின் பந்தைத் தட்டுவார் என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவரால் ஒரு செய்தித்தாளின் தடிமன் அளவுகூடக் குதிக்க முடியாது. ஆனால் எதிரணியின் கோச்சுகள் எல்லாரும் ஒரு காலத்தில் அவரிடம் தோற்றவர்கள். அவர் இடதுபக்கம் போய் முதுகைக் காட்டிக் கையைத் தூக்கியதும், அந்தக் கோச்சுகளுக்குள் பழைய பயம் எழும். "ரெண்டு பேர் போ! ரெண்டு பேர் போ!" என்று கத்துவார்கள். இருபது வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து, பந்தே கைக்கு வராத ஒரு மனிதரைக் காவல் காப்பார்கள். வலதுபக்கம் பீன்யா தனியாக நிற்பான். யாரும் இல்லாத தெருவில் நடப்பதுபோல் நடந்து வந்து பந்தை உள்ளே போடுவான்.

அரையிறுதி வரை அப்படித்தான் போனோம். அவருக்கு மேட்சுக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் கிடையாது. செல்போன் ஸ்டாப்வாட்ச்சும் நோட்டும் என் மடியில். மாஸ்டர் திரும்பிப் பார்த்தால் நான் விரல்களைக் காட்டுவேன். ஆறு, நான்கு, ஒன்று. பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளமான பொருள் என்று எனக்கு அந்த மாதத்தில்தான் தெரிந்தது.

ஃபைனல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. மேகம் தாழ்ந்து கிடந்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மாலை, யாருக்கும் நிழல் விழவில்லை. எங்கள் தெருக்காரர்கள் படிக்கட்டை நிரப்பியிருந்தார்கள். துறை கோச்சுக்கென்று முன்வரிசையில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

முதல் பத்து நிமிடம் காலி. இரண்டாவது பத்தில் பெரிய சென்டர் ஐந்து நிமிடம் ஆடினார், நாற்காலி காலி. பீன்யா அந்த ஐந்து நிமிடத்தில் ஆடியதை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. நடுவில் கேப்டன் யாருக்கோ போன் போட்டான். "டிராஃபிக்ல மாட்டிட்டாராம், ஹெப்பாள்ட்ட நிக்கறாராம்." மூன்றாவது பத்தில் இன்னொரு ஐந்து நிமிடம். நாற்காலியில் யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்து நிமிடமும் தீர்ந்தது. பெரிய சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம்.

கடைசிப் பத்தில் நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போது, கையில் குடையோடு ஒருவர் வேகமாக நடந்து வந்தார். பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மைதானத்தில் பீன்யாவை மூன்று பேர் சுற்றியிருந்தார்கள். பெரிய சென்டர் உள்ளே இல்லாததால் காவல் முழுக்க அவன்மேல்தான். பந்து அவன் கைக்கு வரவே இல்லை. வெளியிலிருந்து எங்கள் மற்றப் பையன்கள் தூரத்து ஷாட் போட்டு, முன்னால் இருந்ததை எப்படியோ காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் ஜெயிக்கலாம். இப்படியே போனால் நாற்காலிக்காரர் பார்க்கப்போவது, மூன்று பேருக்கு நடுவே கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கும் ஒரு பையனை.

மாஸ்டர் டைம்-அவுட் கேட்டார். என் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு எவ்ளோ பாக்கி இருக்கு?"

நோட்டில் பத்து என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன். பெரிய சென்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து, மறுபடி நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு நிமிஷம் இருக்கு சார்" என்றேன்.

மாஸ்டர் என் முகத்தை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். பிறகு வெளியிலிருந்து ஷாட் போடும் பையனை உட்காரச் சொன்னார்.

அந்த நான்கு நிமிடமும் எனக்குத் தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல்தான் நினைவிருக்கிறது. பெரிய சென்டர் எதிரணி வளையத்துக்கு இடதுபக்கம் போய் நின்றார், அவ்வளவுதான். திரும்பி ஓடிவர அவரால் முடியவில்லை. பந்து எங்கள் பக்கம் வந்தபோதெல்லாம் அவர் அங்கேயே, முதுகைக் காட்டியபடி, ரயிலுக்காக நிற்பவர் போல நின்றார். எங்கள் பையன்கள் நாலு பேராக ஐந்து பேரைத் தடுத்தார்கள். பீன்யா ஒருவனே இரண்டு பேரைத் தடுத்தான். ஒரு பந்தைத் தட்டி, அதைத் தானே பிடித்து, அந்த முனைவரை ஓடினான். அங்கே பழைய பயம் வேலை செய்தது. பந்து கைமாறியதுமே இரண்டு பேர் திரும்பி ஓடிப் பெரியவரிடம் ஒட்டிக்கொண்டார்கள். பீன்யா போட்டான். மறுபடி தட்டினான், மறுபடி ஓடினான், மறுபடி போட்டான். அந்த நீளக் கைகள் பந்தை உள்ளே வைத்துவிட்டு இறங்குவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன. குடைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

ஆனால் ஐந்து பேரை நாலு பேர் எல்லா முறையும் தடுக்க முடியாது. கடைசி விசில் ஊதியபோது ஒரு புள்ளியில் தோற்றிருந்தோம்.

கேப்டன் நேராக என்னிடம் வந்தான். நோட்டைப் பிடுங்கினான். வேர்வைத் துளிகள் நோட்டில் விழுந்து மை கலங்கியது.

"பத்துன்னு போட்டு வட்டம் கட்டியிருக்கியே மேடம். மேல நாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான்தான் தப்பா சொல்லிட்டேன் கேப்டன்."

"தப்பா? நீயா? சும்னே கதை விடாத!"

அவன் கண்கள் என்னைத் தாண்டிப் போயின. நானும் திரும்பினேன். குடைக்காரர் முன்னால் பீன்யா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பிறந்த தேதியைச் சொல்கிறான் போல. அவர் செல்போனில் அதைக் குறித்துக்கொண்டிருந்தார். கேப்டன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நோட்டை என் மடியில் போட்டுவிட்டு, ஆட்டோவை எடுக்கப் போனான். அவன் பதினேழு வயதிலிருந்து அந்தக் கிளப்புக்கு ஆடுகிறவன். முதல் டிவிஷன் என்று தன் ஆட்டோவின் பின்னால் எழுதிக்கொள்ள இடம் விட்டு வைத்திருந்தவன்.

பெரிய சென்டரை இரண்டு பேர் தாங்கி அழைத்துப் போனார்கள். முட்டி, தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. என்னைக் கடக்கும்போது, "பதினாலு நிமிஷம் தாங்கிடுச்சும்மா" என்றார், ஆச்சரியமாக, வேறு யாருடைய முட்டியைப் பற்றியோ பேசுவதுபோல.

ட்ரையல் செவ்வாய்க்கிழமை. அன்று பீன்யாவுக்கு முதல் ஷிஃப்ட். காண்ட்ராக்டர் லீவு தரவில்லை, அவன் சொல்லாமல் போய்விட்டான். மதியம் மீட்டிங்கில் யாரோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது.

"எடுத்துக்கிட்டாங்க அக்கா. ஆர்டர் வர மாசக்கணக்கா ஆவுமாம். நாளைலேர்ந்து அங்கதான் ப்ராக்டிஸ்."

மூன்று முறை படித்தேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வைட்ஃபீல்டின் போக்குவரத்து சத்தமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மைதானத்தில் வழக்கமான பனி. பெரிய சென்டர் வரவில்லை, வர முடியாது. கேப்டன் என் பக்கம் திரும்பாமல் தூரத்திலிருந்து ஒரு ஷாட் போட்டான். பந்து வளையத்தில் பட்டு எழும்பி, கீழே வந்தது. அங்கே யாரும் இல்லை. சிமெண்டில் விழுந்தது, மறுபடி எழும்பியது, மறுபடி விழுந்தது. எல்லாரும் நின்ற இடத்திலேயே அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"டிவிஷனும் போச்சு, சென்டரும் போச்சு" என்றான் கேப்டன், வளையத்தைப் பார்த்தபடி. "சந்தோஷமா மேடம்?"

"சந்தோஷம்தான் கேப்டன்."

"எனக்கும்தான், தூ" என்று சொல்லிவிட்டு, பனிக்குள் உருண்டு போய்க்கொண்டிருந்த பந்தைத் தேடித் தானே நடந்தான்.